வறுமைக்கு வயசு என்ன?

தமிழ்நாட்டில் நூற்றுக்கு 2 பேர்தான் ஏழைகளாம். நிதி ஆயோக் 2023ல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் கணக்கு அப்படித்தான் சொல்கிறது: 2019–21ல் 2.20 விழுக்காடு. இதைச் சேரியில் படித்துக் காட்டினால் பாதிப் பேருக்குச் சிரிப்பு வரும், மீதிப் பேருக்கு வயிறு எரியும்.

எதை வைத்து அளந்தார்கள்? 1979ல் திட்டக்குழு போட்டது கலோரிக் கோடு. கிராமத்தில் நாளைக்கு 2400, நகரத்தில் 2100. அதை வாங்கக் காசிருந்தால் நீ ஏழை இல்லை. 2011ல் உச்ச நீதிமன்றத்தில் கிராமத்துக்கு 26 ரூபாய், நகரத்துக்கு 32 ரூபாய் என்று எழுதிக் கொடுத்தார்கள். நாடே காறித் துப்பியது. இப்போது 12 குறியீடுகள். அதில் சொத்து என்று ஒன்று. டி.வி., போன், சைக்கிள், மோட்டார் பைக் என்று ஒரு பட்டியல். ரெண்டு இருந்தால் அந்தக் கட்டத்தில் நீ தேறிவிட்டாய். நிலம்? அந்தப் பட்டியலில் நிலமே கிடையாது!

கக்கூசும் கரண்டும் வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. அவை நாம் கேட்டுப் பெற்றவை. ஆனால் இன்றைய காய்ச்சலை அளக்கிற தெர்மாமீட்டரால் தலைமுறை நோயை அளக்க முடியுமா? மழை பொய்த்து ஒரு வருசம் நொடித்தவனும், பாட்டன், அப்பன், தான் என்று மூன்று தலைமுறையாகக் கூலிக்குப் போகிறவனும் இவர்கள் கணக்கில் ஒரே கட்டம். முன்னவனுக்குப் பட்டா இருக்கிறது. அடுத்த போகத்தில் எழுந்துவிடுவான். பின்னவன் நூறு நாள் வேலையில் கோட்டுக்கு மேலே ஏறுவான், ஒரு ஆஸ்பத்திரிச் செலவில் கீழே விழுவான்.

சரியான கேள்வியை 1891லேயே இந்தச் செங்கல்பட்டில் கேட்டாயிற்று. கேட்டவர் கலெக்டர் ட்ரெமென்ஹீர். நீ குடியிருக்கிற மனை யாருடையது? பண்ணையாளாக எழுதிக் கொடுத்த கடன் எத்தனை தலைமுறைக் கடன்? தரிசு நிலத்துக்கு மனுப் போட்டால் மறிப்பது யார்? எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: மிராசுதார். வெள்ளைக்காரன் புனிதனில்லை, நிலவரிதான் அவன் குறி. ஆனாலும் அந்த அறிக்கையின் பலனாகத்தான் 1892ல் அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலம் வந்தது. பத்து வருசத்துக்கு விற்கக்கூடாது, அதன் பிறகும் நம்மவருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. அப்படிக் கொடுத்தது சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று நில மீட்பு இயக்கங்கள் சொல்லி வருகின்றன.

அது எங்கே போச்சு? கடனுக்குப் போச்சு, கைநாட்டில் போச்சு, மிரட்டலில் போச்சு. அதைத் திருப்பிக் கேட்டுத்தான் மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் மக்கள் எழுந்தார்கள். 10.10.1994 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். ரேஷன் அரிசி கேட்டவனை யாரும் சுடவில்லை. நிலம் கேட்டவனைத்தான் சுட்டார்கள். வறுமையின் வேர் எங்கே என்று ஆள்கிறவனுக்கு நன்றாகவே தெரியும். அவன் கணக்கில் மட்டும் அது வராது.

இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனை சென்ட் கணக்கில் விலை பேசப்படுகிறது. பாட்டன் பெயரில் இருந்த மண்ணில் பேரன் ரிசார்ட் வாட்ச்மேன். அவன் கையில் செல்போன் இருக்கிறது, வாசலில் பைக் நிற்கிறது. சொத்துக் கட்டத்தில் அவன் ஏழை இல்லை!

மாணவத் தோழர்களே, அளவுகோலை நாம் செய்வோம். 1916ல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் சிலேட்டர் தன் மாணவர்களை ஊர் ஊராக ஆய்வுக்கு அனுப்பினார். அதில் ஒன்றான தென்னார்க்காட்டு இருவேல்பட்டை 2008 வரைக்கும் திரும்பத் திரும்ப அளந்திருக்கிறார்கள். ஒரே ஊரைத் தலைமுறை தாண்டியும் அளக்கலாம், மனசிருந்தால். உங்கள் ஊரில் நீங்கள் தொடங்குங்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005லிருந்து கையில் இருக்கிறது. பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டை வாங்குங்கள், இன்றைய அ-பதிவேட்டை வாங்குங்கள், பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் மூன்றே கேள்வி: அன்று யார் பெயர்? இன்று யார் பெயர்? நடுவில் என்ன நடந்தது?

'எத்தனை பேர் ஏழை' என்று அவன் கேட்கட்டும். 'எத்தனை தலைமுறையாக, யாரால்' என்று நாம் கேட்போம். அந்தக் கணக்கு முடிகிற அன்று நமக்கு வேண்டியது சலுகையாக இருக்காது. பட்டாவாக இருக்கும்.