இந்தப் பத்து ரூபாய் செல்லுமா?

“இது கள்ளக் காசு. வேறே கொடு!”

பத்து ரூபாய் நாணயத்தை நீட்டித் தமிழ்நாட்டில் பலர் கேட்ட பேச்சு இது. காரணம் என்ன?

ஒரு காசில் ரூபாய்ச் சின்னம் இருக்கும். பழைய காசில் இராது. ஒன்றில் 10 கதிர்கள், மற்றொன்றில் 15.

இது அச்சுப் பிழை அல்ல. அச்சே வேறு! இப்படி 14 வகை உண்டு, எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது.

உருவம் நடுவில் விழாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால்தான் அச்சுப் பிழை. அதை நாணயம் சேகரிப்போர் விரும்பி வாங்குவார்கள்.

ஆண்டின் கீழே பாருங்கள். வைரக் குறி மும்பை, நட்சத்திரம் ஐதராபாத், புள்ளி நொய்டா, குறி இல்லையேல் கொல்கத்தா. அச்சடித்த சாலையின் அடையாளம் அது.

மதுரைச் சந்தையில் கீரை விற்கும் பாட்டியிடம் இப்படிப் பத்துக் காசு முடங்கினால் 100 ரூபாய் போச்சு. வதந்தியை நம்பி மறுக்காதீர்கள், வாங்கிக்கொள்ளுங்கள்!