‘ஆந்தை’ என்று சொன்னால் போதுமா?

மாணவர்களே, பூங்கா மரத்தில் ஒரு பறவை அமர்ந்திருக்கிறது. நீங்கள் “ஆந்தை” என்பீர்கள். மலாய் நண்பர் “புருங் ஹந்து” என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும். அது போதாது என்பதே என் கருத்து.

நம் நாட்டில் வாழும் புள்ளிக் காட்டு ஆந்தையையும் பழுப்புக் காட்டு ஆந்தையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ‘ஸ்டிரிக்ஸ்’ என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் கண்கள் கரியவை. தலையில் கொம்புபோல் நிற்கும் இறகுகள் இல்லை.

ஆனால், புள்ளி ஆந்தையின் உச்சந்தலையிலும் முதுகிலும் வெண்புள்ளிகள் உண்டு. வயிற்றுக் கோடுகள் இடைவெளி விட்டிருக்கும். பழுப்பு ஆந்தையின் உச்சந்தலையில் புள்ளி கிடையாது. வயிற்றுக் கோடுகள் நெருக்கமானவை. கண்களைச் சுற்றி மை தீட்டியதுபோல் கருவளையம் தெரியும்.

இதைவிட முக்கியமானது வாழிடம். புள்ளி ஆந்தை கடலோரக் காட்டிலும் வாழும். செம்பனைத் தோட்டத்திலும், பெருமரங்கள் உள்ள பூங்காவிலும் வாழும். கிள்ளானுக்கு வடக்கே கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவில் அதைப் பார்க்கலாம். பழுப்பு ஆந்தைக்கோ அடர்ந்த காடு வேண்டும். அதைப் பார்க்க விரும்புவோர் ஃபிரேசர் மலைக்குப் போகிறார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் சாலையோர மரங்களில் தேடிப் பயனில்லை.

இப்போது யோசியுங்கள். ஒரு காட்டை அழித்துச் செம்பனை நடுகிறார்கள். சில ஆண்டுகளில் அங்கே ஓர் ஆந்தை தென்படுகிறது. “பாருங்கள், ஆந்தை திரும்பிவிட்டது” என்று நாம் மகிழலாமா? வந்தது புள்ளி ஆந்தையாக இருக்கலாம். போனது பழுப்பு ஆந்தையாக இருக்கலாம். ஒரே சொல்லால் இரண்டையும் அழைத்தால், இழப்பு நம் கணக்கிலேயே வராது.

இது கற்பனைக் கவலை அன்று. சிலாங்கூரில் வட கோல லங்காட் காட்டின் ஒரு பகுதி, வளர்ச்சித் திட்டத்துக்காக வனக் காப்பகத் தகுதியை இழந்தது. ஓராங் அஸ்லி மக்களும் இயற்கை ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். 2021 செப்டம்பரில் மாநில அரசு அம்முடிவைக் கைவிட்டது. இத்தகைய விவாதங்களில் “அங்கே என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன?” என்ற கேள்வி கட்டாயம் எழும். பெயர் தெரிந்தவர்தான் பதில் சொல்ல முடியும்.

பெயர் தெரிந்தால் மட்டும் காடு பிழைத்துவிடுமா என்று கேட்கலாம். பிழைக்காது. ஆனால், பெயர் தெரியாத உயிர் மறைந்தால் கேட்பாரே இருக்கமாட்டார்.

நம் முன்னோர் கூகை, குடிஞை, குரால் என்று பல பெயர்கள் வைத்திருந்தார்கள். நாம் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டோம். அடுத்த முறை ஆந்தையைக் கண்டால் நெருங்காதீர்கள். அதன் கண்களில் விளக்கைப் பாய்ச்சாதீர்கள். தலை, வயிறு, இடம், தேதி ஆகிய நான்கையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். பிறகு பெயரைத் தேடுங்கள்.