கைபேசியில் ஒரு பேரிடர் பாடம்

ரோப்லாக்ஸ் என்ற இணைய விளையாட்டுத் தளத்தில் இலவசமாக ஆடக் கிடைக்கும் ‘நேச்சுரல் டிசாஸ்டர் சர்வைவல்’ 2008-இல் வந்த விளையாட்டு. பிள்ளைகள் இன்னும் அதை விட்டபாடில்லை. கோபுரத்தில் காத்திருக்கும் ஆட்டக்காரர்களை விளையாட்டு திடீரென ஒரு தீவில் இறக்கிவிடும். வரப்போவது வெள்ளமா, நிலநடுக்கமா, எரிமலையா என்று முன்கூட்டித் தெரியாது. வெள்ளமென்றால் மேலே ஏற வேண்டும். மின்னலென்றால் அதே உயரம்தான் ஆபத்து. அறிகுறியைப் பார்த்து நொடியில் முடிவெடுக்கும் இந்தப் பழக்கத்தை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ள எனக்கு மனமில்லை. நிஜத்திலும் அது உயிர் காத்ததுண்டு. 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையில், கடல் நுரைத்துப் பொங்குவதைக் கண்டு, சுனாமி வருகிறது என்று பெற்றோரை எச்சரித்தவள் டில்லி ஸ்மித் என்ற 10 வயது பிரிட்டன் சிறுமி. கடற்கரையில் இருந்தவர்கள் உடனே வெளியேறித் தப்பினார்கள். அறிகுறிகளை அவள் அறிந்தது புவியியல் வகுப்பில். ஆகவே விளையாட்டு மட்டும் போதாது. அதில் செத்தவர் அடுத்த சுற்றில் எழுந்துவிடுவார். நிலநடுக்கம் வந்தால் விளையாட்டில் ஓடித் தப்பலாம். நிஜத்தில் கட்டடத்துக்குள் இருந்தால், மேசைக்கடியில் புகுந்து தலையைக் காத்து, அதிர்வு அடங்கும்வரை இறுகப் பிடித்திருக்க வேண்டும். இதைச் சொல்லித் தரவேண்டியது பெரியவர்கள். கைபேசியைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று ஆடுங்கள். பிறகு, நம் தெருவில் வெள்ளம் புகுந்தால் எங்கே போவது என்று பிள்ளையோடு பேசி முடிவெடுங்கள்.