இழைப்புளி ஒன்று போதும்

கிதார் செய்யப் புகும் நண்பர்கள் முதலில் இழைப்புளிகளை அடுக்கடுக்காக வாங்க விழைகின்றனர். வேண்டா என்பேன். கிதாரின் முகப்பலகை இரு துண்டுகளை ஒட்டி அமைப்பது. கனமோ ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான். எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ எடையின் வலுவோடு இழுக்கும். ஒட்டும் விளிம்புகளுக்கிடையே ஒளி நுழையுமானால் ஒட்டு நாளடைவில் விட்டுப்போகும், உழைப்பெல்லாம் பாழ்!

அவ்விளிம்பை நேராக்க, ஸ்டான்லி வரிசையில் 5ஆம் எண்ணுள்ள, 14 அங்குல இழைப்புளியே போதும். குட்டையானது மேடுபள்ளங்களோடு தானும் ஏறி இறங்கும். நீண்டது மேட்டை மட்டும் சீவும். பலகையின் கனத்தைக் குறைக்கவும் அதுவே உதவும். மிஞ்சும் பணத்தில் நல்ல சாணைக்கல் வாங்குங்கள். மழுங்கிய பத்தினும் கூரிய ஒன்றே மேல் என்பது என் துணிபு.