நரிக் கதை மட்டும் போதாது

வன்னித் தாய்மார் வீட்டிலே பிள்ளைகளுக்குக் கதை சொன்னால் போரின் காயம் ஆறும் என்கிறார்கள். எனக்கும் உடன்பாடே. ஆனால், 'நரியையும் முயலையும் சொல்லுங்கள். பங்கரையும் ஷெல்லையும் விட்டுவிடுங்கள், பிள்ளை பயந்துவிடும்' என்று புத்திமதி சொல்லும்போதுதான் முரண்படுகிறேன்.

பிள்ளைக்குத் தெரியாததா? 2009இல் முள்ளிவாய்க்காலில் மடியில் கிடந்த குழந்தைகள் இன்று இளைஞர்கள். தாயின் மௌனத்தைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவர்கள். பெயர் சொல்லாத பயம்தான் பெருக்கும்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுல முஸ்லிம்களை வெளியேற்றியபோது, முல்லைத்தீவு தண்ணீரூற்றிலிருந்து நாங்களும் கிளம்பினோம். புத்தளத்து ஓலைக் கொட்டிலில் இரவுகளில் உம்மா எங்கள் கிணற்றைச் சொல்லுவா, வளவைச் சொல்லுவா, விட்டுவந்த ஆட்டைச் சொல்லுவா. சொல்லிக்கொண்டே அழுவா. நாங்களும் அழுவோம். பிறகுதான் தூக்கம் வரும். இழப்பை மறைத்திருந்தால் எங்களுக்கு ஊரும் இல்லை, உறக்கமும் இல்லை.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைக் கேட்டு 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் போராட்டத்தில் அமர்ந்த தாயிடம், 'நல்லபடி முடியும் கதையாகச் சொல்லம்மா' என்பது ஆறுதலா, அவமதிப்பா? அவளுடைய கதையின் முடிவு அரசின் கையில் இருக்கிறது. அந்தப் பதிலுக்குக் கதை ஈடாகாது.

தாய் கதை சொல்லுமுன், அவள் சொல்வதைக் கேட்க ஒருவர் வேண்டும். எங்கள் 1990ஐ யாரும் கேட்கவில்லை என்று எழுதியெழுதிச் சலித்த நாம், அவளுடைய 2009ஐக் கேட்டோமா? கேட்காதவனுக்குக் கதை சொல்லித் தரும் தகுதி இல்லை.