17 பெட்டிகளும் ஒரு பீரோ சாவியும்



போன கோடை விடுமுறையில், "வீட்டில் சும்மா கிடக்கும் புத்தகங்களை அனுப்புங்கள், இங்கே பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன்" என்று எழுதியிருந்தேன். ஒரே மாதத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் 17 பெட்டிகள் வந்து இறங்கின. சிங்கப்பூரில் இருக்கும் ஒருவர் ஊருக்கு வந்தபோது தன் கையாலேயே தூக்கி வந்து வைத்தார். எல்லோருக்கும் நன்றி சொல்லி அப்போதே பதிவு போட்டாயிற்று. இன்று சொல்லப்போவது கொஞ்சம் கசக்கும். டீச்சர் திட்டுவது உங்களுக்குப் புதிதா என்ன, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிகளைப் பிரித்தேன். பாதிக்கு மேல் பழைய பாடத்திட்டத்தின் பிளஸ் டூ நோட்ஸ், பேனாவால் விடை குறித்த வங்கித் தேர்வு கைடுகள், சி பிளஸ் பிளஸ் புத்தகங்கள், அட்டை இல்லாத ரென் அண்ட் மார்ட்டின். ஒரு பெட்டியில் யாரோ ஒருவருடைய கல்யாண ஆல்பம்கூட இருந்தது (உரியவர் இன்பாக்ஸுக்கு வரவும், பத்திரமாக வைத்திருக்கிறேன்). மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி இருந்தவற்றைத் தனியாக எடுத்து அடுக்கினேன். 17 பெட்டியிலிருந்து தேறியது ஒரு பெட்டி. மீதியைப் பழைய பேப்பர்காரர் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

உங்கள் மனசு நல்ல மனசுதான். ஆனால் பரணைக் காலி செய்வது ஒரு வேலை, பிள்ளைக்குப் புத்தகம் கொடுப்பது வேறு வேலை. முதல் வேலையைச் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்ததாக நினைத்துக்கொள்கிறோம். இல்லாத வீட்டுப் பிள்ளைதானே, எதைக் கொடுத்தாலும் படிக்கும் என்ற நினைப்பும் உள்ளே எங்கோ இருக்கிறது. படிக்காது. உங்கள் பிள்ளைக்கு எது பிடிக்காதோ அது அதற்கும் பிடிக்காது.

உங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் நூலகப் பொறுப்பு 11 வருடம் என்னிடம் இருந்தது. நூலகம் என்றால் தலைமையாசிரியர் அறையில் ஒரு இரும்பு பீரோ. சாவி என் கைப்பையில். இருப்புப் பதிவேட்டில் உள்ள எண்ணும் பீரோவில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டும் என்ற பயம். புத்தகம் வெளியே போனால்தானே கிழியும்? அதனால் வெளியே விடவே இல்லை. ஒரே ஒரு முறை ஒரு பையனிடம் கொடுத்தேன். நனைத்துக் கொண்டு வந்தான். வகுப்பில் எல்லோர் முன்னாலும் நிற்கவைத்து அபராதம் கேட்டேன். அதற்குப் பிறகு அவன் பீரோப் பக்கமே வரவில்லை. இதைப் படிக்கிறவர்களில் அவனும் இருக்கலாம். தம்பி, அன்றைக்கு நான் செய்தது தப்பு.

பத்திரமாகப் பூட்டிய அந்தப் புத்தகங்களைக் கடைசியில் கரையான்தான் முழுசாக அனுபவித்தது.

இத்தனைக்கும் நம் மன்னார்குடிப் பக்கம் 1931-லேயே மாட்டுவண்டியில் நூலகம் ஓடிய மண். மேலவாசல் கனகசபைப் பிள்ளை செய்த ஏற்பாடு அது. வண்டி புத்தகங்களைச் சுமந்துகொண்டு கிராமம் கிராமமாகப் போனது. அதே 1931-ல்தான் சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதிப் புத்தகமாக வெளியிட்டார். நூல் இருப்பது பயன்படுத்துவதற்குத்தான் என்பது அதில் முதல் விதி. பி.எட். படிக்கும்போது ஐந்தையும் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினேன். பிறகு சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்!

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். தேறிய ஒரு பெட்டியைத் திண்ணையில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை நாலு மணிக்குப் பிள்ளைகள் வருவார்கள். பிடித்ததை எடுத்துக்கொண்டு போகலாம். நோட்டில் பெயரும் புத்தகமும் மட்டும் எழுதுவோம்.

நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி யானைப் படம் போட்ட புத்தகம் எடுத்துப் போனாள். அடுத்த மூன்று சனிக்கிழமையும் ஆளைக் காணோம். காய்ச்சலோ என்னவோ என்று வீட்டுக்கே போனேன். என்னைக் கண்டதும் உள்ளே ஓடிவிட்டாள். அவள் அம்மா களையெடுப்புக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தார். தம்பிப் பயல் இரண்டு தாளைக் கிழித்துவிட்டானாம். இவள் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருக்கிறாள். யானையின் தும்பிக்கை தலைகீழாக ஒட்டியிருந்தது. "எவ்வளவு ஆவும் டீச்சர்?" என்று கேட்ட அம்மாவின் கையில் அன்றைய கூலி இருந்தது.

எனக்கு அந்த பீரோ ஞாபகம்தான் வந்தது.

ஒன்றும் ஆகாது, அடுத்த புத்தகம் எடுக்க வரச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த சனிக்கிழமை வந்தாள். தம்பியையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

ஆகவே என் கருத்து இதுதான். கொடுத்த புத்தகம் கிழியட்டும், நனையட்டும், திரும்பி வராமலே போகட்டும். எந்தப் பள்ளிக்காவது கொடுப்பதாக இருந்தால், "பீரோவில் வைப்பீர்களா, பிள்ளை கையில் கொடுப்பீர்களா?" என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். இருப்பைக் காட்டும் பயம் ஆசிரியருக்கு இல்லாமல் இருந்தால்தான் பூட்டு திறக்கும். அது மேலே இருப்பவர்கள் தீர்க்க வேண்டிய விஷயம். இதைப் படிப்பவர்களில் இரண்டு பேர் கல்வித் துறையிலேயே இருக்கிறீர்கள், உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. நம் பெட்டி ஊர் நூலகத்துக்கு மாற்று கிடையாது. பொது நூலகச் சட்டம் இங்கே 1948-லேயே வந்துவிட்டது. சொத்து வரியோடு நூலக வரியும் நாம் கட்டுகிறோம். ஊருக்கு வரும்போது கிளை நூலகத்துக்குள் ஒரு தடவை போய், குழந்தைகள் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேளுங்கள். கேட்க ஆள் இருந்தால் அவர்களுக்கும் உற்சாகம்.

அனுப்ப நினைப்பவர்கள், முதலில் புத்தகங்களைப் பரப்பி வைத்து ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுங்கள். வேண்டியதை நான் சொல்கிறேன். பெரிய எழுத்து, பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி, நிறையப் படம், தமிழ். 20 பழைய புத்தகத்துக்கு ஆகும் பார்சல் செலவில் இரண்டு புதுப் புத்தகம் வாங்கிவிடலாம் என்றால் அதையே செய்யுங்கள். நேஷனல் புக் டிரஸ்ட், பாரதி புத்தகாலயம் வெளியீடுகளில் நல்ல குழந்தைகள் புத்தகங்கள் கிடைக்கின்றன. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே இருக்கின்றன, அச்செடுத்துத் தைத்துக் கொடுத்தாலும் பிள்ளைகளுக்குப் புத்தகம்தான்.

புத்தகமே இல்லை டீச்சர் என்பவர்கள் அகலமான செல்லோ டேப் நாலைந்து சுருள் அனுப்புங்கள். இப்போதைக்கு இங்கே அதற்குத்தான் தட்டுப்பாடு.