பறப்பவரும் வழி விடுபவரும்

த்வாண்டே பக்கத்தில் பிறந்து வளர்ந்த நம் பெரியவர்களிடம் 'பைலட்' என்று சொல்லிப் பாருங்கள். வானத்தைப் பார்க்கும் முன் அவர்கள் ஆற்றைப் பார்ப்பார்கள். ரங்கூன் துறைமுகம் கடலோரத்தில் இல்லை. கடல்முகத்திலிருந்து ஏறக்குறைய 32 கிலோமீட்டர் ஆற்றுக்குள்ளே இருக்கிறது. வண்டல் படிந்து தடம் மாறிக்கொண்டே இருக்கும் அந்த ஆற்றில், ஓதத்தின் நேரம் அறிந்து, வெளியூர்க் கப்பலில் ஏறி வழிகாட்டிக் கொண்டு வருபவருக்குப் பைலட் என்று பெயர். அவர் கண்ணுக்குத் தெரிவது அவருடைய கப்பலும் எதிரே உள்ள தண்ணீரும்தான். ஆறு முழுவதிலும் எந்தக் கப்பல் எங்கே வருகிறது, எது நிற்க வேண்டும், எது முன்னால் போகலாம் என்று பார்க்கக் கரையில் இன்னொருவர் வேண்டும்.

வானத்திலும் இப்படித்தான். விமானத்தை ஓட்டுபவர் ஒருவர். எல்லா விமானங்களுக்கும் வழி ஒதுக்கித் தருபவர் இன்னொருவர். இந்த இரண்டாமவரைப் பற்றி நம் குடும்பங்களில் இரண்டு மூன்று பேர் அண்மையில் ஒரே மாதிரியான கேள்வி கேட்டிருக்கிறார்கள். "பிள்ளை பைலட் படிப்பு முடித்துவிட்டான், வேலை கிடைக்கவில்லை. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வேலைக்குப் போகலாமா என்கிறான். அது ஒரு படி இறங்குவது ஆகாதா?" என்பதே கேள்வி. இந்த இதழில் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசுவோம்.

முதலில், பிள்ளைகள் ஏன் இப்படி யோசிக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த மணிகளுக்கான செலவு பல லட்சங்கள். வீட்டையோ நகையையோ வைத்துத்தான் பெரும்பாலோர் கட்டுகிறார்கள். உரிமம் கையில் வந்த பிறகும், இன்ன வகை விமானத்தை ஓட்டலாம் என்ற தனிப் பயிற்சிக்கு மறுபடி பணம் வேண்டும். இவ்வளவும் முடித்துக் காத்திருக்கும்போது ஒரு கம்பெனி படுத்துவிட்டால், அனுபவமுள்ள விமானிகளும் அதே வரிசையில் வந்து நின்றுவிடுகிறார்கள். 2012-இல் கிங்பிஷர் நின்றது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. 2023 மே மாதம் கோ பர்ஸ்ட் நின்றது. நடுவே 2020-இல் கொரோனா வந்து உலகத்து விமானங்களையெல்லாம் தரையில் நிறுத்தியது. புதிதாக உரிமம் வாங்கிய பிள்ளை கடைசியில்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

இனி அந்த இன்னொரு வேலை எப்படிப்பட்டது என்று பார்ப்போம். கட்டுப்பாட்டாளரின் முதல் கடமை, இரண்டு விமானங்கள் ஒன்றையொன்று நெருங்காமல் பார்த்துக்கொள்வது. உயரப் பறக்கும் ஜெட் விமானங்களுக்கு மேல்கீழாக 1,000 அடி இடைவெளி வேண்டும். ஒரே உயரத்தில் பறந்தால், ராடார் பார்வையில் பொதுவாக 5 கடல்மைல் இடைவெளி வேண்டும். ஓடுபாதையைப் பார்த்திருக்கும் கோபுரம் ஒன்று, இறங்க வருவதையும் ஏறிப் போவதையும் கவனிக்கும் பிரிவு ஒன்று, நெடுந்தூரப் பாதைகளைக் கவனிக்கும் பிரிவு ஒன்று என வேலை பிரிந்திருக்கிறது. கோபுரத்தில் கண்ணாடி வழியே பார்ப்பவர்கள் சிலர். சன்னல் இல்லாத அறையில் திரை முன்னால் அமர்ந்திருப்பவர்கள் பலர்.

இந்த இடைவெளி தவறினால் என்ன ஆகும் என்பதை 1996 நவம்பர் 12 காட்டியது. டெல்லிக்கு அருகே சர்க்கி தாத்ரியின் மேலே, ஏறிக்கொண்டிருந்த சவூதி விமானமும் இறங்கிக்கொண்டிருந்த கசகஸ்தான் விமானமும் மோதின. இரண்டிலும் இருந்த 349 பேரும் மாண்டார்கள். ஒன்று 14,000 அடியிலும் மற்றது 15,000 அடியிலும் நிற்க வேண்டும் என்று கட்டுப்பாட்டாளர் சரியாகத்தான் சொல்லியிருந்தார். இறங்கி வந்த விமானம் தன் உயரத்தைத் தாண்டிக் கீழே வந்துவிட்டது. அந்த விமானிகளுக்கு ஆங்கிலம் போதிய அளவு புரியாததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அன்று டெல்லியில் இயங்கிய ராடார் விமானம் இருக்கும் இடத்தைக் காட்டியதே தவிர, உயரத்தைக் காட்டவில்லை. சொன்னது சொன்னபடி கேட்கப்பட்டதா என்று உறுதி செய்வதுதான் இந்த வேலையின் உயிர். 2008 மார்ச் முதல், பன்னாட்டுப் பாதைகளில் வேலை செய்யும் விமானிக்கும் கட்டுப்பாட்டாளருக்கும் ஒரே அளவில் ஆங்கிலத் தேர்ச்சி கட்டாயமாகிவிட்டது.

ஆகவே, 'ஒரு படி இறங்குவது' என்ற பேச்சை முதலில் விட்டுவிட வேண்டும். இது இன்னொரு தொழில். விமானி படிப்பு இதற்கு உதவுமா என்றால், உதவும். வானிலை அறிக்கை, வானொலிப் பேச்சு, விமானம் எவ்வளவு வேகத்தில் ஏறும், எவ்வளவு இடம் எடுத்துத் திரும்பும் என்பதெல்லாம் விமானியாகப் பயின்றவருக்கு முன்பே தெரியும். ஆனால் குணம் வேறு. விமானி ஒரு விமானத்தை ஆழமாகப் பார்ப்பவர். கட்டுப்பாட்டாளர் பத்து விமானங்களை ஒரே நேரத்தில் மனத்தில் வைத்திருந்து, ஐந்து நிமிடம் கழித்து அவை எங்கே இருக்கும் என்று இப்போதே பார்ப்பவர். சத்தமில்லாத அறையில், இரவும் பகலும் மாறி மாறி ஷிப்டில், ஒரு வார்த்தை கூடாமலும் குறையாமலும் பேச வேண்டும். பறக்கும் ஆசையால் மட்டுமே வந்த பிள்ளைக்கு இது கசக்கலாம். கணக்கும் ஒழுங்கும் பிடித்த பிள்ளைக்கு இனிக்கலாம். பெற்றோர் இதைப் பிள்ளையிடம் பொறுமையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தியாவில் இந்த வேலையைத் தருவது இந்திய விமான நிலைய ஆணையம். படைகளின் விமானத் தளங்களை விட்டுவிட்டால், தனியார் நடத்தும் டெல்லி, மும்பை, பெங்களூர் விமான நிலையங்களிலும் கோபுரத்தில் இருப்பவர்கள் ஆணையத்தின் ஊழியர்களே. ஜூனியர் எக்சிகியூட்டிவ் என்ற பதவியில் ஆள் எடுக்கிறார்கள். 2023-இல் 496 இடங்களுக்கும், 2025-இல் 309 இடங்களுக்கும் அறிவிப்பு வந்தது. கேட்கப்படும் தகுதி: இயற்பியலும் கணிதமும் சேர்ந்த, முழுநேரமாகப் படித்த பி.எஸ்சி. பட்டம், அல்லது அந்த இரண்டு பாடங்களும் இடம்பெற்ற பொறியியல் பட்டம். வயது 27-க்கு மேல் போகக் கூடாது. பிற்படுத்தப்பட்டோருக்கு 3 ஆண்டும், தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினருக்கு 5 ஆண்டும் சலுகை உண்டு. எழுத்துத் தேர்வு, குரல் தேர்வு, மனநலத் தேர்வு, மருத்துவத் தேர்வு ஆகியவற்றைத் தாண்டி வந்தால், பிரயாக்ராஜ் போன்ற இடங்களில் பயிற்சி. அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாயில் தொடங்குகிறது, படிகள் தனி. பெரிய விமானத்தின் கேப்டன் வாங்குவதோடு இதை ஒப்பிட முடியாது. ஆனால் கம்பெனி மூடிவிட்டது என்று யாரும் நடுத்தெருவில் விட்டுவிட மாட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, கேட்கப்படுவது பட்டமே தவிர விமானி உரிமம் அன்று என்பது. பிளஸ் டூ முடித்ததும் நேரே பறக்கப் போய்விட்டு, பிறகு பெயருக்கு அஞ்சல் வழியில் ஏதோ ஒரு பட்டம் வாங்கிய பிள்ளைகள் நம்மிடையே உண்டு. வேலைக்காகக் காத்திருந்து 26 வயதாகும்போது, 'கட்டுப்பாட்டு வேலைக்குப் போவோமா' என்று யோசித்தால் கதவு முக்கால்வாசி சாத்தியிருக்கும். அந்த வயதில் மூன்று ஆண்டு பி.எஸ்சி. சேர்ந்து முடிப்பதற்குள் காலம் கடந்துவிடும்.

நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இதற்கும் முன்னால் இன்னொரு கதவு இருக்கிறது. உலகில் எங்கும் வான்வழிக் கட்டுப்பாடு அரசின் கையில், அல்லது அரசு கண்காணிக்கும் அமைப்பின் கையில் இருக்கிறது. அதனால் 'உனக்கு என்ன தெரியும்' என்பதற்கு முன் 'நீ எந்த நாட்டவன்' என்ற கேள்வி வருகிறது. 1964-இல் பர்மாவில் கடைகள் அரசுடைமையானபின் கப்பலேறி வந்த குடும்பங்களில், இந்தியக் குடியுரிமை பெற்றவர்களின் பிள்ளைகளுக்கு இங்கே தடையில்லை. ஆனால் தமிழ்நாட்டு மறுவாழ்வு முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளின் நிலை அப்படி இல்லை. ஆணையத்தின் வேலை இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதன் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரின் குடியுரிமையும் பார்க்கப்படுகிறது. 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. முகாமில் பிறந்து, கல்லூரியில் முதல் மாணவனாகத் தேறிய பிள்ளையும் இந்த விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறான். இது அவன் குறை அன்று என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது நம் கடமை.

த்வாண்டே, டல்லா, ரங்கூன் பக்கங்களில் இன்னும் இருக்கும் நம் உறவுகளுக்கும் சிக்கல் உண்டு. 1982-ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையை மூன்று தரமாகப் பிரித்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்தும் முழுக் குடியுரிமைக் கார்டு கிடைக்காத இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் உள்ளன. அங்கே கட்டுப்பாட்டாளர் அரசு ஊழியர். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, விமானப் போக்குவரத்துத் துறையைச் சேர்ந்த பலரும் வேலைக்கு வராமல் எதிர்ப்பில் சேர்ந்தார்கள். அந்த இயக்கத்தில் சேர்ந்த அரசு ஊழியர்கள் பலர் வேலையையும், அரசுக் குடியிருப்பையும் இழந்தார்கள். இது அங்கே மட்டும் நடக்கும் காரியம் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் 1981 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்த 11,000-க்கும் மேற்பட்ட கட்டுப்பாட்டாளர்களை அதிபர் ரீகன் வேலையிலிருந்து நீக்கினார். நிலையான வேலை என்று நாம் சொல்வது, அரசு நிலையாக இருக்கும்வரை, அதனோடு நமக்குப் பகை வராதவரைதான். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் நேபிடோ விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரமே சரிந்து விழுந்தது. ஆபத்து வானில் பறப்பவருக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடல் கடந்து போன குடும்பங்களுக்கு வழி கொஞ்சம் விசாலமாக இருக்கிறது. கனடாவில் இந்த வேலைக்குப் பட்டம் தேவையில்லை. உயர்நிலைப் பள்ளிப் படிப்பு போதும். குடிமகனாகவோ நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றவராகவோ இருந்தால் விண்ணப்பிக்கலாம். அகதியாக ஏற்கப்பட்டு நிரந்தர உரிமை வாங்கியவருக்கும் இந்தக் கதவு திறந்திருக்கிறது என்பது இதன் பொருள். அமெரிக்காவில் குடியுரிமை கட்டாயம். பொதுவாக 31 வயது நிறைவதற்குள் சேர்ந்துவிட வேண்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் விதி வேறு, வயது வேறு. அறிவிப்பை முழுதும் படித்துவிட்டுத்தான் ஆசையை வளர்க்க வேண்டும்.

இனி நம் யோசனைகளை வரிசையாகச் சொல்லிவிடுகிறோம். முதலில் பிறப்புச் சான்று, பெற்றோரின் வருகைப் பதிவு, குடியுரிமைத் தாள்கள் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே தொடங்குங்கள். இரண்டாவது, பறக்க ஆசைப்படும் பிள்ளையை இயற்பியலும் கணிதமும் உள்ள பட்டப்படிப்பை முடிக்கச் சொல்லுங்கள். பணம் கட்டும் முன் முதல்தர மருத்துவப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். கட்டுப்பாட்டாளருக்குரிய மருத்துவத் தரம் விமானிக்கு உள்ளதிலிருந்து வேறுபட்டது. ஒன்றில் தேறாதவர் மற்றதில் தேறுவதும் உண்டு. மூன்றாவது, ஏற்கெனவே உரிமம் வாங்கிக் காத்திருக்கும் பிள்ளைக்கு 27 வயதுக்கு இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தகுதியான பட்டம் இருந்தால் அடுத்த அறிவிப்புக்கே விண்ணப்பிக்கட்டும். உரிமத்தையும் காலாவதி ஆகாமல் வைத்திருக்கட்டும். நான்காவது, தாள் இல்லாத காரணத்தால் இந்த வழி அடைபட்ட பிள்ளையை, 'உனக்கு யோகமில்லை' என்று சொல்லி உட்கார வைக்காதீர்கள். விமானங்களின் சரக்கு, டிக்கெட், தரைப்பணி என்று தனியார் கையில் இருக்கும் வேலைகளில் அவனுக்கு இடம் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

நம் பெரியவர்கள் கப்பலில் கடந்து வந்த அந்த வங்கக் கடலின் மேலே, இன்று சென்னையின் வான் எல்லையும் ரங்கூனின் வான் எல்லையும் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. இந்தப் பக்கத்திலிருந்து போகும் விமானத்தைச் சென்னையில் இருப்பவர் ரங்கூனில் இருப்பவரிடம் ஒப்படைக்கிறார். அவர் இவரிடம் ஒப்படைக்கிறார். இரவும் பகலும் நடக்கும் வேலை இது. அந்த நாற்காலிகளில் நம் பிள்ளைகளும் உட்காரத் தகுதியுள்ளவர்கள்தாம். தாளும் பட்டமும் வயதும் ஒன்றாகச் சேரும்படி பார்த்துக்கொள்வது வீட்டில் உள்ள மூத்தவர்களின் பொறுப்பு. இது பற்றி மேலும் சந்தேகம் உள்ளவர்கள் பிள்ளையின் வயது, படிப்பு, கையில் உள்ள தாள்கள் ஆகியவற்றைக் குறித்து இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் பதில் சொல்வோம்.